'ஆக' சேர்த்தால் ஆகிவிடுமா?

தில்லி, மும்பை போன்ற நகரங்களில் வாழும் நம்மவர் பலர் வீட்டில், ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ்க் கையேடு ஒன்று இருக்கும். அதில் வினையடைப் பட்டியல் தவறாமல் வரும். ஸ்லோலி – மெதுவாக, குவிக்லி – விரைவாக, ஹேப்பிலி – மகிழ்ச்சியாக. 'லி' வந்தால் 'ஆக' போடு, பாடம் முடிந்தது! இப்பட்டியல்கள் முதல் 10 சொற்களுக்குக் கைகொடுக்கும், அதற்குமேல் கைவிட்டுவிடும் என்பது என் கருத்து.

'ஹார்ட்' கடினம் என்றால் 'ஹார்ட்லி' கடினமாகவா? 'ஹி ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் அவன் கடுமையாக உழைக்கிறான். 'ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் அவன் வேலை செய்வதே அபூர்வம். பாராட்டு வசையாகிவிடுகிறது! 'லேட்லி' தாமதமாக அல்ல, அண்மைக்காலமாக. 'ஃபிரண்ட்லி'யோ 'லி'யில் முடிந்தும் பெயரடை.

பெரிய குறை, அன்றாடம் புழங்கும் சின்னச் சொற்களில் இருக்கிறது. 'ஸ்டில்', 'யெட்' இரண்டுக்கும் 'இன்னும்' என்றே எழுதினால் குழந்தை எப்படிப் பிரித்தறியும்? 'இன்னும் தூங்குகிறான்' என்று ஒன்று தொடர்வதைச் சொல்ல 'ஸ்டில்'. 'இன்னும் எழுந்திருக்கவில்லை' என்று எதிர்பார்த்தது நடக்காததைச் சொல்லப் பெரும்பாலும் 'யெட்'. வாக்கியத்தில் வைத்துக் காட்டினால்தான் விளங்கும்.

'ஒன்லி' இன்னும் சுவையானது. தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொன்ன 5 பொருள்களில் பிரிநிலையும் ஒன்று. பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. இன்றைய பேச்சில் அந்த வேலையைப் பெரும்பாலும் 'தான்' செய்கிறது. 'இன்னிக்குத்தான் வந்தேன்' என்று நினைப்பவர் 'ஐ கேம் டுடே ஒன்லி' என்கிறார். இந்திக்காரரும் தம் 'ஹீ'யை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுவந்து வைக்கிறார். சிரிக்க வேண்டியதில்லை. நம்ம இடைச்சொல் ஆங்கிலச் சட்டை போட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்! அதை எடுத்துச் சொன்னால், 'ஐ கேம் ஒன்லி டுடே' என்பதைப் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும்.

வெளிமாநிலத்தில் இப்பட்டியலால் இன்னொரு நஷ்டமும் உண்டு. பள்ளியில் தமிழ் படிக்காத பிள்ளைகள் இதை வலமிருந்து இடமாகப் படித்து, ஆங்கிலத்தின் வழியே தமிழைக் கற்கிறார்கள். அவர்களுக்கு எல்லாமே 'ஆக'தான். 'வேகமாக வா', 'சத்தமாக அழுதான்' என்பார்கள். 'ஓடி வா', 'விறுவிறுன்னு நட', 'தேம்பித் தேம்பி அழுதான்' வாயில் வருவதில்லை. வினையெச்சமும் இரட்டைக்கிளவியும் செய்யும் வேலைக்கு ஆங்கிலப் பட்டியலில் இடமில்லை. அங்கே இல்லாதது, நாளடைவில் வீட்டிலும் இல்லாமல் போகிறது.

1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, வினையடையைத் தனியே குறித்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களும் ஆங்கிலப் பொருளும் தந்தது. கையேடு எழுதுவோர் அவ்வழியில் செல்லலாமே. அதுவரை பெற்றோர் நாமே ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வாக்கியமாவது சொல்லிக் கொடுப்போம். ஆங்கிலமும் தெளியும், தமிழும் தங்கும்.