கிடங்கும் வெள்ளமும்

போன கார்த்திகையில் சென்னைக்குப் போயிருந்தேன். வேளச்சேரிப் பக்கம் முழங்கால் தண்ணீருக்குள் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது பெரியம்மாவின் மகன் சொன்னார்: "பாத்தியா? இதுக்குப் பேருதான் ஓட்டுறது. உங்க ஊர்ல தூறல் போட்டாலே வண்டிய ஓரங்கட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவீங்க."

சிரித்து வைத்தேன். ஆனாலும் அந்த 'உங்க ஊர்' சுருக்கென்றது. அண்ணா பிறந்ததும் அதே யாழ்ப்பாணத்தில்தான். 1990இல், மூன்று வயதில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவர்.

சொல்லிலேயே பிரிந்துவிடுகிறோம். அவர்கள் காரை ஓட்டுகிறார்கள். நாங்கள் கார் ஓடுகிறோம். 'வண்டி' என்றால் எங்களுக்கு வயிறு. அதை எப்படி ஓரங்கட்டுவது? முன்னால் போன ஆட்டோவின் சில்லு திடீரென்று தண்ணீரில் தாழ்ந்ததைக் கண்டு, "அண்ணா, கிடங்கு!" என்று கத்தினேன். அவர் தெருவோரம் கோடவுனைத் தேடினார். எங்கள் கிடங்கு அவர்களுடைய பள்ளம். நல்லவேளை, விளக்கம் சொல்லி முடியுமுன் அதைத் தாண்டிவிட்டோம்.

'வெள்ளம்' என்ற சொல்லும் அப்படித்தான். சென்னைக்காரருக்கு வெள்ளம் என்றால் 2015 டிசம்பர். மற்ற நாளெல்லாம் 'தண்ணி நிக்குது', அவ்வளவுதான். எங்களுக்கோ கணுக்கால் நனைந்தாலும் வெள்ளம். பயந்த சனம் என்று யாரும் சொல்லலாம். சிறிய தண்ணீருக்கும் பெரிய பெயர் வைத்தவன் அதற்குள் இறங்கமுன் ஒருமுறை யோசிப்பான் என்பேன் நான்.

மழை என்னவோ ஒன்றுதான். அவர்களுடைய வடகிழக்குப் பருவமழைதான் எங்களுடைய மாரி. கோடை முழுவதும் தாரில் படிந்த எண்ணெயும் ரயர்த் தூளும் முதல் மழையில் கிளம்பி வழுக்குவதும் இரண்டு கரைக்கும் பொது. ஆனால் எங்கள் வலிகாமத்தில் அதற்கு மேலே செம்பாட்டு மண் இருக்கிறது. தோட்டத்தால் ஏறும் உழவு இயந்திரம் சில்லில் ஒட்டிய மண்ணைத் தெருவில் பூசிவிட்டுப் போகும். மேலே இரண்டு துளி விழுந்தால் சவர்க்காரம். அங்கே முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்தவன் கிடப்பான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிறேக்கைத் தொடாமல் போக வேண்டும் என்பதை எங்கள் பெடியளுக்கு அந்த மண்தான் சொல்லிக் கொடுக்கிறது.

வன்னிக்குள் போனால் பாடம் வேறு. இரவு மழையில் ஏ9 வீதி நடுவே கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும். கறுத்த தாரும் கறுத்த மாடும் ஈரத்தில் ஒன்றுதான். குளங்கள் வான் பாய்ந்தால் (அவர்கள் 'மறுகால்' என்கிறார்கள், அதுவும் அழகான சொல்தான்) தெருவே ஆறாகும். நந்திக்கடலில் தாழக் கிடக்கும் வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் ஏறினால் கரை எது, கடல் எது என்று தெரியாது. அந்த இடத்தில் நின்று தேத்தண்ணீர் குடிப்பவன் கோழையா?

இன்னும் தெற்கே, இலங்கையின் தெற்கு அதிவேகப் பாதையில் வழமையான எல்லை மணிக்கு 100 கிலோமீற்றர், மழையென்றால் 60. வேகம் கூடினால் ரயரில் வெட்டியிருக்கும் கோடுகளுக்குத் தண்ணீரை வெளியே தள்ள நேரம் போதாது. ரயர் தெருவை விட்டுத் தண்ணீரில் மிதக்கும். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. எல்லாரும் 60இல்தான் போகிறார்களா என்று கேட்கக் கூடாது. இரவில் கொழும்புக்கு ஓடும் பஸ்களைப் பற்றியும் இந்தக் கட்டுரையில் எழுதுவதாக இல்லை.

சென்னையில் நான் கண்டதெல்லாம் இடப்பக்க முன் இருக்கையில் இருந்து கண்டவைதான். அப்படியிருந்தும் சிலவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குள் அண்ணா கியரை மாற்றவேயில்லை; முதல் கியரில், ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்காமல், ஒரே சீராக ஊர்ந்தார். மேட்டில் ஏறியதும் பிறேக்கை இரண்டு மூன்று தரம் மெல்ல மிதித்துக் காயவைத்தார். நடுவில் என்ஜின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது, உள்ளே தண்ணீர் போய் என்ஜினே போய்விடும் என்றார். சுரங்கப்பாதை நிரம்பினால் பொலிசார் தடுப்பு வைத்து மூடிவிடுகிறார்கள். 2024 ஒக்டோபரில் மழை வருமுன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை ஏற்றி வரிசையாக விட்ட சனம் அது. ஓட்டாமல் விடுவதும் ஓட்டம்தான். ஆக, அவர்களும் ஓரங்கட்டுகிறார்கள். பாலத்தில் ஏறி ஓரங்கட்டுகிறார்கள்.

இதைச் சொன்னதும் அண்ணாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "சரி, நீ மழைல விழுந்ததே இல்லையா?"

விழுந்திருக்கிறேன். உரும்பிராயில், ஐப்பசி முதல் மழைக்கு, ஸ்கூட்டியோடு. வேகம் இருபது இருக்கும். முழங்கால் மட்டும் உரஞ்சியது. எழும்பி, சீலையை உதறி, அதே ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போனேன். விழுந்தாலும் எழும்பி வீட்டுக்குப் போகிற வேகம்தான் எங்கள் மழை வேகம்.

"பிழை என்னிலை இல்லை அண்ணா, அது செம்பாட்டு மண்," என்றேன். "நீங்களும் அதிலைதான் தவழ்ந்தனீங்கள்."

அவர் பதில் சொல்லவில்லை. வைப்பரை ஒரு படி கூட்டிவிட்டார்.