தொனியை நகலெடுத்தல்

ப்ரையன் மேயின் கிதார் ஒலியை ஒரு டிஜிட்டல் பெட்டிக்குள் மறுபடி உண்டாக்கிவிடலாம் என்கிறார்கள் சிலர். தொனி விரலில் இருக்கிறது, பெட்டியில் இல்லை என்று வேறு சிலர். இருவரும் தொனியை ஒரு பண்டமாகவே நினைக்கிறார்கள். ஒருவருக்கு அது கடையில் கிடைக்கிறது, மற்றவருக்குப் பிறவியில். (தொனி என்றதும் ஆனந்தவர்த்தனர் குறுக்கே வருகிறார். நான் சொல்வது வெறும் டோன்தான். இருந்தாலும், சொல்லப்பட்டதற்கு அப்பால் நிற்பது என்ற அர்த்தம் இங்கே அடியோடு பொருந்தாமலில்லை.)

முதலில் ஸ்தூலமான விஷயங்கள். க்வீன் குழுவின் மே, 1963-ல், பள்ளி மாணவனாக இருக்கும்போதே, தன் தகப்பனார் ஹெரால்டுடன் சேர்ந்து கிதாரைக் கையாலேயே செய்யத் தொடங்கியவர். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பு ஒன்றின் மஹாகனி. ட்ரெமலோவுக்கு மோட்டார்சைக்கிள் வால்வு ஸ்பிரிங்குகள். விரற்பலகையின் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான்கள். மீட்டுவது ஆறு பென்ஸ் நாணயத்தால். நாணயத்தின் வரியோடிய விளிம்பு கம்பியில் உரசுவதால் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் ஒரு சொரசொரப்பு, மெய்யெழுத்துப் போல. உயிர் அதற்குப் பின்புதான் வந்து ஏறுகிறது. பிறகு ஒரு ட்ரெபிள் பூஸ்டர். பிறகு வாக்ஸ் ஏசி 30, நான்கு இ.எல். 84 வால்வுகளுடன். அதன் வால்யூமை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, மென்மை கடுமை எல்லாவற்றையும் கிதாரில் உள்ள திருகாலேயே நிர்ணயித்துக்கொள்வது மேயின் வழக்கம்.

மாடலர் சோதனைக்குள்ளாவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். லைன் 6-இன் பாட் 1998-ல் வந்தது. ஆம்ப்ளிஃபயரின் நடத்தையைக் கணிதமாக எழுதிப் பார்க்கும் முறை அது. 2011-ல் வந்த கெம்ப்பருக்கு வழி வேறு. நிஜ ஆம்ப்ளிஃபயருக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளிவருவதைக் கேட்டு, அந்த ஒரு நிலையைப் பதிந்துகொள்கிறது. புகைப்படம் மாதிரி. ஆனால் கிதாரின் திருகைக் குறைக்கக் குறைக்க, கொதித்துக்கொண்டிருந்த வால்வு கலங்கல் நீங்கித் தெளிந்துகொண்டே வரும். மேயின் தொனி ஒரு நிலையில் இல்லை. இந்தத் தெளிதலில் இருக்கிறது. பழைய மாடலர்கள், குறைத்தால் சிறுத்தன, தெளியவில்லை. இன்றைய நல்ல மாடலர்கள் தெளிகின்றன. ஹெட்ஃபோனுக்குள் என் காதுக்கு ரெக்கார்டுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. இதை ஏற்க மறுக்கும் தூய்மைவாதிகள் அபிப்ராயத்தால் கேட்கிறவர்கள். (ஆறு பென்ஸ் 1980-ல் செல்லாததாயிற்று. நான் வைத்திருப்பது 2011-ல் செல்லாமல் போன நம் பழைய 25 பைசா. வங்கியில் எடுபடாத காசு இங்கே எடுபடுகிறது.)

ஆக, நகல் சாத்தியமா என்பது இனி கேள்வியே இல்லை. என் சங்கடம் வேறு. மேயின் தொனி எங்கிருந்து வந்தது? அயர்லாந்தின் ரோரி கேலகரிடமிருந்து. இளைஞராக இருந்தபோது அவரை அணுகி, இந்த ஒலி எப்படி வருகிறது என்று மே கேட்டிருக்கிறார். கேலகர் மறைக்காமல் தன் ஏசி 30-ஐயும் சின்ன ட்ரெபிள் பூஸ்டரையும் காட்டினார். அவற்றையே மே தேடிப் பிடித்தார். பின்னாளில் அவரே நன்றியோடு சொன்ன விஷயம் இது. நாம் நகலெடுக்க ஆசைப்படும் மனிதரும், தனக்குப் பிடித்த கிதார்காரரின் தொனியை நகலெடுக்கப் புறப்பட்ட ஒரு ரசிகர்தான். ஆனால் கேலகர் வாசித்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர். மேயின் கையில் கணப்படுப்பு மரம். அதே பெட்டிகளின் வழியே அது வேறாக வெளிவந்தது. நகல் தோற்ற இடத்தில் மே கிடைத்தார்.

நகலுக்கு அவர் விரோதி என்றும் சொல்ல முடியாது. 1975-ல் ‘குட் கம்பெனி’யில் ஒரு பழைய ஜாஸ் வாத்தியக் குழுவையே கிதாரால் பாவனை செய்தார். குப்பைத் தொட்டியில் கண்டெடுத்த மின்சுற்றை ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி ஜான் டீக்கன் செய்த, பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்ப்ளிஃபயர் அதற்கு உதவிற்று. க்ளாரினெட் என்று முக்கால்வாசி ஏமாறுகிறோம். மீதிக் கால்வாசியில்தான் ரஸம். ஆரம்பகால ரெக்கார்டு உறைகளில் சிந்தஸைசர் இல்லை என்று பெருமையோடு அச்சிட்டவர்கள் இவர்கள். அந்த விரதம் 1980-ல் ‘தி கேம்’ வரை நீடித்தது.

மாடலரில் மேயின் பாணிக்கென்று தயாராகக் கிடைக்கும் அமைப்புகள் இந்தக் கால்வாசியைத் தின்றுவிடுகின்றன. என் கிதார் முரண்டு பிடிக்குமுன்பே அதன் அலைவரிசைகளைச் சமன்படுத்தி அடக்கிவிடுகின்றன. போய்ச் சேர வேண்டிய இடத்திலேயே என்னை இறக்கிவிடுவதால், வழியில் தொலைந்துபோக முடியவில்லை. நம் எழுத்தாளர்களிலும், ஆசானைப் போல எழுத ஆசைப்பட்டு, அப்படி எழுத வராமல் போனவர்கள்தான் தேறியிருக்கிறார்கள். வந்தவர்களை இப்போது யார் படிக்கிறார்கள்?

நான் அந்த அமைப்புகளை அழித்துவிட்டேன். ஏசி 30, பூஸ்டர், அவ்வளவுதான். திருத்தம் எதுவும் கிடையாது. திருகைப் பாதிக்குக் குறைக்கும்போது மூன்றாவது கம்பியில் ஒரு மூக்கொலி எழுகிறது. அது மேயினுடையதல்ல. கேலகருடையதும் அல்ல. இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.