யாருக்கு உதவி?

யுத்தத்தைப் பற்றி எழுதப்பட்ட நாவல்கள் ஏராளம். யுத்தத்துக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்து உதவுவதைப் பற்றி எழுதப்பட்டவை மிகவும் குறைவு. காரணம் தெரிந்ததுதான். குண்டு வெடிப்பதைக் காட்டுவது சுலபம். அந்தக் குண்டு எந்தக் கப்பலில், என்ன பெயரில் வந்து இறங்கிற்று என்பதைக் கதையாக்குவது சுலபமல்ல. கணக்குப் புத்தகத்தில் கதை இருப்பதாக நாவலாசிரியர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றுவதில்லை. கிரஹாம் கிரீனுக்குத் தோன்றியது. 1955-ல் வெளிவந்த அவருடைய ‘தி கொயட் அமெரிக்கன்’ இந்த விஷயத்தில் இன்றும் முதலில் படிக்க வேண்டிய நாவல் என்பது என் அபிப்பிராயம்.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1946 முதல் 1954 வரை இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்களும் ஹோ சி மின்னின் வியட்மின் படையும் போரிட்டார்கள். பெயருக்குத்தான் அது பிரெஞ்சுக்காரரின் போர். 1950-ல் அமெரிக்கா அங்கே ஒரு ராணுவ உதவிக் குழுவை ஏற்படுத்திற்று. 1954-க்குள் போர்ச் செலவில் முக்கால் பங்குக்கும் மேல் அமெரிக்கப் பணமாகிவிட்டது. அதே 1950-லிருந்து சீனா மறுதரப்புக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்து வந்தது. 1954 மே மாதம் தியன்பியன்பூவில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்களே, அங்கே அவர்கள் மீது குண்டு பொழிந்த 105 மில்லிமீட்டர் பீரங்கிகள் அமெரிக்காவில் செய்தவை. பெரும்பாலும் சியாங் கை ஷேக்குக்கு உதவியாகப் போய், சீனக் கம்யூனிஸ்டுகள் கையில் சிக்கி, அவர்கள் மூலம் வியட்மின்னுக்கு வந்து சேர்ந்தவை. மேலே பறந்த பிரெஞ்சு விமானங்களும் பெரும்பாலும் அமெரிக்கா கொடுத்தவைதான். ஆயுதத்துக்குத் தன்னை முதலில் கொடுத்தவன் யார் என்பது நினைவிருப்பதில்லை.

இந்தப் போரைக் கிரீன் பத்திரிகைக்காக நேரில் பார்த்தவர். 1951 முதல் 1955 வரை பல குளிர்காலங்களை அங்கே கழித்தார். நாவலில் கதை சொல்லும் பௌலரும் ஓர் ஆங்கிலப் பத்திரிகை நிருபர், நடுவயது தாண்டியவன், அபினி பிடிக்கிறவன். ஸைகோனில் புவாங் என்கிற இளம்பெண்ணுடன் வாழ்கிறான். பொருளாதார உதவிக் குழுவில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு பைல் என்கிற அமெரிக்க வாலிபன் வந்து சேர்கிறான். நல்லவன், மரியாதை தெரிந்தவன், பொய் சொல்லத் தெரியாதவன் போலத் தோன்றுகிறவன். யார்க் ஹார்டிங் என்கிற ஓர் ஆசிரியரின் புத்தகங்களைப் படித்துவிட்டு, பிரெஞ்சுக்காரரும் அல்லாத, கம்யூனிஸ்டுகளும் அல்லாத ஒரு ‘மூன்றாவது சக்தி’ இந்த நாட்டைக் காப்பாற்றும் என்று நம்புகிறான். அந்த சக்தியை ஜெனரல் தே என்கிற தளபதியிடம் கண்டுபிடித்து, பிளாஸ்டிக் என்கிற பெயரில் வெடிமருந்துக்கான சரக்கை வரவழைத்துக் கொடுக்கிறான். நகரத்துச் சதுக்கத்தில் குண்டு வெடிக்கிறது. பெண்களும் குழந்தைகளும் சாகிறார்கள். பைலுக்கு முதலில் கண்ணில் படுவது தன் செருப்பில் ஒட்டியிருக்கும் ரத்தம்.

இதில் கிரீனின் சாமர்த்தியம் பைலைக் கெட்டவனாக்காததுதான். கெட்டவன் கொடுக்கும் ஆயுதத்தை நாம் சந்தேகிப்போம். நல்லவன் கொடுப்பதை யார் சந்தேகிப்பார்கள்? பைல் ஒரு காசு கூட லாபம் அடைவதில்லை. தான் யாருக்கு உதவுகிறோம் என்று நினைக்கிறானோ அவர்களில் ஒருவரையாவது அவனுக்குத் தெரியாது என்பதுதான் விஷயம்.

ஆனால் நாவலின் மையம் பைல் அல்ல, பௌலர். நான் எந்தப் பக்கமும் சேராதவன், கண்டதை எழுதுகிறவன், அவ்வளவுதான் என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறான். ஹனோயில் ஒரு பத்திரிகையாளர் கூட்டம் வருகிறது. எதிரிகளில் இத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்குச் சொல்லும் பிரெஞ்சு அதிகாரிக்குத் தன் ஆட்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று மட்டும் சொல்ல முடிவதில்லை. போரைப் பத்திரிகையில் பின்தொடர்கிற எவரும் இந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். நமக்கு வருகிற எண்கள் எங்கே தயாராகின்றன என்பது இரண்டு பக்கத்தில் தெரிந்துவிடுகிறது. கடைசியில் பௌலர் பக்கம் சேர்ந்துவிடுகிறான். ஜன்னலருகே நின்று ஒரு புத்தகத்தைத் திறக்கிறான், அதுவே அடையாளம், பைல் கொல்லப்படுகிறான். சதுக்கத்தில் செத்தவர்களுக்காகச் செய்தானா, புவாங்கைத் திரும்பப் பெறச் செய்தானா? அவனுக்கே தெரியாது. நமக்கும் கிரீன் சொல்வதில்லை.

வெளிவந்தபோது இது அமெரிக்க விரோத நாவல் என்று அமெரிக்காவில் பலர் கோபித்துக்கொண்டார்கள். 1958-ல் ஜோசப் மான்கிவிச் இதைப் படமாக்கியபோது, குண்டு வைத்தது கம்யூனிஸ்டுகள், பைல் குற்றமற்றவன், பௌலர் ஏமாந்தவன் என்று கதையையே தலைகீழாக்கிவிட்டார். அடுத்த பதினைந்து வருஷங்களில் அமெரிக்கா அதே நாட்டில் சிக்கிக்கொண்டபோது, இதே நாவல் தீர்க்கதரிசனமாகிவிட்டது. இரண்டு அபிப்பிராயங்களும் எனக்கு உடன்பாடல்ல. 1952 ஜனவரியில் ஸைகோனில் உண்மையாகவே குண்டுகள் வெடித்தன. ஜெனரல் தேயின் ஆட்கள்தான் வைத்தார்கள். அதில் அமெரிக்கர் கை இருந்ததற்குத் திட்டமான சான்று இல்லை. அது கிரீனின் சந்தேகம். சீனா கொடுத்த உதவியை அவர் எடைபோடவும் இல்லை. சாட்சிப் பத்திரமாகப் படித்தால் நாவலில் ஓட்டைகள் உண்டு. உதவி செய்கிறவனின் மனசையும் வேடிக்கை பார்க்கிறவனின் மனசையும் திறந்து காட்டிய நாவலாகப் படித்தால் அது அசையாமல் நிற்கிறது.

பெரிய குறை ஒன்று உண்டு, அது புவாங். இரண்டு வெள்ளைக்காரர்கள் அவளுக்காகப் போராடுகிறார்கள். அவள் என்ன நினைக்கிறாள் என்பது புத்தகம் முழுவதிலும் நமக்குத் தெரிவதில்லை. பைலுக்குப் பிரெஞ்சு சரியாக வராது. ஆகவே தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி அவளிடம் கேட்க வருகிறவன், அதைப் பௌலரையே மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்கிறான்! கேட்கிறவனுக்குப் பாஷை தெரியாது. மொழிபெயர்க்கிறவனுக்கோ சொந்த லாபம் இருக்கிறது. வெளிநாட்டு உதவியைப் பற்றி இதைவிடக் கூர்மையான காட்சியை நான் படித்ததில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்குள் நுழைய ஆசிரியர் ஒரு முறைகூட முயலவில்லை. பௌலர் கண்ணால் பார்ப்பதால் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். நாவலாசிரியனுக்கு அந்தச் சமாதானம் போதாது. பௌலருக்குத் தெரியாததை நமக்குத் தெரியவைக்க வழி உண்டு. கிரீன் போன்றவருக்கு அந்த வழி தெரியாமலும் இல்லை.

இந்தக் குறையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எந்தப் போரில் எந்த நாடு ஆயுதம் கொடுத்தாலும் பைலின் பெயரை எடுத்து வீசுவது இன்று வழக்கமாகிவிட்டது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரேனில் புகுந்த பிறகும் இது நடந்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸ் பல மாதத் தகராறுக்குப் பின் உக்ரேனுக்கென்று சுமார் 6,100 கோடி டாலரை அனுமதித்தது. பணத்தின் பெரும்பகுதி அமெரிக்கத் தொழிற்சாலைகளிலேயே செலவாகும் என்று சொல்லியே ஆதரித்தவர்கள் ஆதரவு தேடினார்கள். அது பைலுக்குத் தோன்றியிராத நியாயம். அவன் அந்த அளவுக்கு வியாபாரி அல்ல. ஆனால் இங்கே ஆயுதம் வேண்டும் என்று வாய் திறந்து கேட்டவர்கள் உக்ரேனியர்களே. படையெடுப்பைத் தடுக்கிறவன் கேட்டு வாங்குவதும், கேளாதவன் தலையில் கொண்டுபோய்க் கட்டுவதும் ஒன்றாகிவிடாது. கொடுப்பவனை மட்டும் பார்க்கிற வாசகனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். கிரீன் நாவலும் கொடுப்பவனைத்தான் காட்டுகிறது.

ஆகவே இந்த நாவலைப் படியுங்கள்; ஆனால் விடைப் புத்தகமாகப் படிக்க வேண்டாம். படித்து முடித்துக் காலைப் பத்திரிகையைத் திறக்கும்போது, கோடிக் கணக்கையும் பீரங்கிக் கணக்கையும் தாண்டி, வாங்குகிறவர்கள் தங்கள் வாயால் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். ஒரு மூலையில் நாலு வரி இருக்கும். அந்த நாலு வரியை யார் மொழிபெயர்த்தது என்றும் கொஞ்சம் யோசியுங்கள்.