யார் கூற்று?

அகப்பாட்டைக் கற்பிக்கப் புகுவார் முதற்கண் வினவுவது, ‘இஃது யார் கூற்று?’ என்பதேயாம். தலைவி கூற்றாயின் ஒரு பொருளும், தோழி கூற்றாயின் பிறிதொரு பொருளும் பயத்தல் கண்கூடு. செயற்கை நுண்ணறிவு எழுத்துப்பணியிற் புகுந்துள்ள இந்நாளிலும் அவ்வினாவே நமக்கு அளவுகோலாகத் தக்கது.

யப்பானிய எழுத்தாளர் ரியே குதான் அம்மையாரின் ‘தோக்கியோ அனுதாபக் கோபுரம்’ என்னும் நாவல் 2024 சனவரியில் அக்குதாகவா பரிசு பெற்றது. அதில் ஏறத்தாழ 5 விழுக்காடு சட்ஜிபிடி தந்த வாக்கியங்கள் என அவர் கூறவே, கண்டனம் எழுந்தது. அவ்வாக்கியங்கள் வருமிடம் எதுவெனக் கண்டித்தோர் நோக்கிற்றிலர். சிறைக்கோபுரம் ஒன்றை வரையும் கட்டடக் கலைஞர் கதையிற் பொறியை வினவுகின்றார், பொறி விடையிறுக்கின்றது. அவ்விடைகளுக்கே அவற்றைப் பயன்படுத்தியதாக ஆசிரியர் பின்னர் விளக்கினார். பணிவும் ஒழுங்கும் மிக்கு, உயிர்ப்புக் குன்றிய அம்மொழியே நாவல் ஆராயும் பொருள்களுள் ஒன்று. பொறியின் கூற்றுப் பொறியின் வாயில் அமைந்தமையால் கலையாயிற்று.

பொறியின் கூற்றை ஒருவன் தன் கூற்றென வழங்குமிடத்தே தீங்கு விளைகின்றது. பலர் எழுதிக் குவித்தவற்றைப் பயின்று, எச்சொல்லின்பின் எச்சொல் வருதல் இயல்பெனக் கணித்தெழுதுவது அப்பொறி. பிழையற்ற வாக்கியத்தை அது தரும். தக்க சொல்லைத் தேடித் தவிக்கும் தவிப்பைத் தரமாட்டாது. அத்தவிப்பிலன்றோ மாணவன் எழுத்தாளனாகின்றான்?

பொறியை அறவே விலக்குக என்பது எம் கருத்தன்று. ‘யார் கூற்று?’ என வினவியவழி நாணாது விடைகூற வல்லான் அதனைக் கையாள்க.