பொருள் புரியாப் பாடம் எதற்கு?

குற்றாலச் சாரல் தொடும் தென்காசிச் சீமையில், சாம்பவர் வடகரையில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் பாடம் சொன்னவர்; தஞ்சையில் சித்த மருத்துவராய்ப் புகழ் கொண்டவர்.

‘கருணாமிர்த சாகரம்’ தந்த ஆராய்ச்சியாளர் என்றே அவரைப் போற்றுகிறோம். 1917இல் வந்த அப்பெருநூலின் சுருதிக் கணக்கை மறுத்தோர் உண்டு. மறுக்கட்டும், எண்ணை எண்ணால் எதிர்ப்பது அறிவுக்கு அழகே! ஆனால், அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1907இல், இசை பயில்வோர்க்கெனத் தமிழ்க் கீதங்கள் இயற்றிக் ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ வெளியிட்டாரே, அந்த ஆசிரியரை மறப்பது முறையா?

கன்னடமும் வடமொழியும் அறியாத குழந்தை, அம்மொழிக் கீதங்களிலேயே இசை பழகத் தொடங்குகிறது. நாவில் ஒலி ஏறுகிறது. நெஞ்சில் பொருள் ஏறுவதில்லை. சுரமும் புதிது, சொல்லும் புதிது என்றால் சுமை இரண்டன்றோ? சொல்லைத் தமிழாக்கி ஒரு சுமையை இறக்கினார் பண்டிதர். வீணை பயின்ற தம் வீட்டுப் பெண்களை 1916இல் பரோடா இசை மாநாட்டு மேடையிலும் ஏற்றினார்.

பிறமொழிப் பாடல் வேண்டாம் என்பதன்று நம் வாதம். முதற்பாடம் தாய்மொழியில் அமையட்டும் என்பதே. நூறாண்டுக்கு முன் ஓர் ஆசிரியர் திறந்த வாயிலை நாம் அடைத்து வைப்பானேன்?