எழுதிக் கொடுத்தவளும் வாயால் சொன்னவரும்

வத்தேகமவிலிருந்து எல்கடுவைப் பக்கம் ஏறும் வீதியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், ஆட்களும் கற்பனைதான். லயத்தில் பிறந்து, உயர்தரம் சித்தியடைந்து, அங்கே எழுதுவினைஞராகச் சேர்ந்த ஒரு பெண். அவளுக்குப் பின்னால் வந்த இருவருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. அவள் கொழும்புத் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள்: ‘தோட்டத்துத் தமிழ்ப் பெண் என்பதாலேயே முகாமையாளர் என்னை ஒதுக்கி வைத்திருக்கிறார்.’ அடுத்த கிழமை முகாமையாளரின் அறையில் கூட்டம் நடக்கிறது. அவளுக்கு அழைப்பில்லை. ‘கொழுந்து நிறுவைக் கணக்கில் கை வைத்தவள், அதை மறைக்கத்தான் இந்த நாடகம்’ என்று அவர் அங்கே சொன்னாராம். தேநீர் கொண்டுபோனவர் வழியாக அது அவள் காதுக்கு வருகிறது.

இருவருடைய பெயருக்கும் பங்கம் வந்துவிட்டது. இருவருமே மானநட்ட வழக்குப் போடலாம். இரண்டு வழக்குரைகளையும் அளப்பது ஒரே சட்டம். ஆனால் ஒருவருடைய வழக்குரை அரை நாளில் எழுதி முடிந்துவிடும். மற்றவளுடையது எழுதவே முடியாமல் போகக்கூடும்.

இலங்கையில் மானநட்டம் இப்போது குற்றமல்ல. தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த அந்தக் குற்றம் 2002இல் நீக்கப்பட்டது. எஞ்சியிருப்பது குடியியல் வழக்கு. அதன் வேர் உரோமன் டச்சுச் சட்டத்தில் இருக்கிறது. இந்த நாட்டு மானநட்ட வழக்குகளுக்கு ஆங்கிலச் சட்டமல்ல, அதுவே அடிப்படை என்று பெரேரா எதிர் பீரிஸ் வழக்கில் 1948இல் பிரிவி கவுன்சில் உறுதி செய்தது. வழக்கை எழுதும் முறையைச் சொல்வது 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. அதன் 40ஆம் பிரிவின்படி, வழக்குக்குக் காரணமான சூழ்நிலைகளைத் தெளிவாகவும் சுருக்கமாகவும் சொல்ல வேண்டும். அது எங்கே, எப்போது எழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மானநட்டத்தில் வழக்கின் உடலே சொற்கள்தான். ஆகவே என்ன சொற்கள், யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்த நாளில், எந்த இடத்தில், அவை என்னைக் குறித்தவை என்பது எப்படித் தெரியும் என்பவை வழக்குரையில் வந்தாக வேண்டும். சொற்களின் நேர்ப்பொருள் தீங்கற்றதாக இருந்து, அறிந்தவர்களுக்கு மட்டும் அது வேறு பொருள் தருமானால், அந்த உட்பொருளையும் அதற்கு ஆதாரமான நிகழ்வுகளையும் தனியே எழுத வேண்டும்.

இந்தக் கண்டிப்பை நான் பழைய சம்பிரதாயம் என்று தள்ளமாட்டேன். வேலைத்தலச் சண்டையில் ‘என்னைப் பற்றித் தவறாகப் பேசிவிட்டார்கள்’ என்ற பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. சொற்களை அப்படியே வைத்தால்தான் அவை உண்மையில் மானத்தைக் கெடுப்பவையா, வெறும் எரிச்சலா என்று நீதிபதி பார்க்க முடியும். புகார் செய்த பெண்ணுக்கும் இது காவல். முகாமையாளர் அவள் மீது வழக்குப் போட்டால், கடிதத்தின் சொற்களையும் அது யாருக்கு அனுப்பப்பட்டது என்பதையும் அவரே எழுத வேண்டும். கடிதம் தலைமையகத்தின் பொறுப்பான அதிகாரிக்கு மட்டும் போயிருந்தால், முறைப்படி கேட்க வேண்டியவரிடம் முறைப்படி சொன்ன புகார் அது, சிறப்புரிமை பெற்றது என்பது வழக்குரையைப் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

இந்தியாவில் அமைச்சராக இருந்த எம். ஜே. அக்பர் ஊடகவியலாளர் பிரியா ரமணி மீது 2018 ஒக்டோபரில் தொடுத்த வழக்கை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அங்கே மானநட்டம் இன்னும் குற்றம். அதனால் அக்பர் குற்றவியல் நீதிமன்றத்துக்கே போனார். வேலைத்தலத்துப் பாலியல் தொல்லை பற்றி ரமணி எழுதிய ஒரு கட்டுரையும் அதைச் சுட்டிய ருவிற்றர் பதிவும்தான் வழக்கின் பொருள். கட்டுரையின் தொடக்கப் பகுதி மட்டுமே அக்பரைப் பற்றியது, மற்றவை வேறு ஆண்களைப் பற்றியவை என்பது ரமணி தரப்பு வாதங்களில் ஒன்று. எந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்ற இந்த வறண்ட கேள்வி அங்கே சாதாரணமானதாக இருக்கவில்லை. 2021 பெப்ரவரி 17இல் தில்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல ஆண்டுகள் கழிந்த பின்னும், தான் விரும்பும் மேடையில் தன் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றது. அக்பர் மேன்முறையீட்டுக்குப் போனார்.

நம் எழுதுவினைஞர் பெண்ணின் நிலை இதற்கு மறுபக்கம். அவள் எழுதியது கையொப்பமும் திகதியும் உள்ள ஒரு தாள். முகாமையாளரின் சட்டத்தரணி அதை இணைப்பாகக் குத்திவிட்டால் சொற்கள், நாள், இடம், பெற்றவர் எல்லாம் தயார். அவளைப் பற்றி முகாமையாளர் சொன்னதோ மூடிய அறையில், வாயால், அநேகமாகச் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில். கூட்டத்தில் கேட்டவர்கள் எல்லோரும் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள். தேநீர் கொண்டுபோனவர் சாட்சி சொல்லத் துணிந்தாலும், அவர் நினைவில் இருப்பது சாரம், சொல் அல்ல. கண்டிப்பான விதி ஒன்றுதான். ஆனால் முறைப்படி எழுதிக் கொடுத்தவளை வழக்கில் மாட்டுவது அதற்குச் சுலபம், இரகசியமாகப் பேசியவரைத் தொடுவது கடினம். இதைத்தான் இந்த நடைமுறையின் பெரிய குறையாக நான் பார்க்கிறேன்.

ஆவணங்களை வெளிப்படுத்தக் கோர அதே சட்டக்கோவையில் 102ஆம் பிரிவு உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் அது வழக்குத் தொடுத்த பிறகு. கூட்டக் குறிப்பைப் பார்க்காமல் வழக்குரை எழுத முடியாது. வழக்குரை இல்லாமல் கூட்டக் குறிப்பைக் கேட்க முடியாது. இதற்கிடையில் 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இரண்டு வருடத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. அரைகுறையாக எழுதிப் போட்டுவிட்டுப் பிறகு திருத்தலாம் என்றால், 1991ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 93ஆம் பிரிவு அந்த வழியையும் குறுக்கிவிட்டது. வழக்கு குறித்த கட்டத்தைத் தாண்டிவிட்டால், திருத்த அனுமதிக்காவிட்டால் ஈடுசெய்ய முடியாத பாரிய அநீதி நேரும் என்றும், தாமதம் தன் அசட்டையால் வந்ததல்ல என்றும் அவள் நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டும்.

நடைமுறை அறிந்த சட்டத்தரணிகள் இங்கே ஒரு மறுப்புச் சொல்வார்கள்: நம் நாட்டில் வழக்கு விளங்கப்படுவது எழுவினாக்களின் மேல், அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகளின் மேல்; அவை ஏற்கப்பட்டதும் வழக்குரைகள் பின்னணிக்குப் போய்விடுகின்றன. ஹனபி எதிர் நல்லம்மா வழக்கில் உயர் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது; 1998ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. எழுத்துப் பிழைக்காக வழக்கைக் கொல்லாத இந்த மென்மை நல்லதே. ஆனால் அதன் பயன் விளக்கம் வரை போய்ச் சேர்ந்தவருக்கு. தொடங்கவே முடியாதவளுக்கு அதில் ஒன்றுமில்லை. அவள் எதிராளியாக நிற்கும்போதோ இதே மென்மை அவளுக்கு எதிராகவும் வேலை செய்யலாம். முகாமையாளர் தளர்வாக எழுதிய வழக்குரையின் ஓட்டைகளை எழுவினாக்கள் அடைத்துவிடும்.

இன்னொரு சுமை, வழக்குரைக்கு எதிராளி கொடுக்கும் மறுமொழியில் இருக்கிறது. உரோமன் டச்சுச் சட்டத்தில், மானத்தைக் கெடுக்கும் சொற்கள் வெளியிடப்பட்டன என்று காட்டினாலே கெடுக்கும் எண்ணமும் இருந்ததாக அனுமானிக்கப்படும். ஆகவே முகாமையாளர் அவளுடைய கெட்ட எண்ணத்தைக் காட்டும் நிகழ்வு ஒன்றைக்கூட எழுத வேண்டியதில்லை. அனுமானத்தை உடைப்பது அவள் வேலை. சொன்னது உண்மை என்றால் மட்டும் போதாது. உண்மையாகவும் பொதுநலனுக்காகவும் இருக்க வேண்டும். சட்டக்கோவையின் 75ஆம் பிரிவின்படி இவற்றை மறுமொழியில் விபரமாக எழுத வேண்டும். உண்மை என்றால் எந்த உண்மை? தான் இனத்தாலும் பிறந்த இடத்தாலும் ஒதுக்கப்பட்டாள் என்பது. அதை நிறுவத் தேவையான பதவி உயர்வுக் கோப்பும் மதிப்பீட்டுப் புள்ளிகளும் கம்பனியின் அலுமாரியில் இருக்கின்றன.

இதில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. இதே பாகுபாட்டை முன்வைத்து அவளே வழக்குப் போட நினைத்தால் அதற்கு நேரான வழி கிடையாது. அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்பவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவது அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிராக மட்டுமே. அதுவும் ஒரு மாதத்துக்குள். தொழிலில் பாகுபாட்டைத் தடுக்கும் சர்வதேசத் தொழில் அமைப்பின் 111ஆவது சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றது. தனியார் கம்பனியின் எழுதுவினைஞர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்க ஒரு மன்றம் இல்லை. வேலையை விட்டு நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். பதவி உயர்வு தராததற்கு அந்தக் கதவும் திறக்காது. பாகுபாடு நடந்தது என்று வழக்காளியாக நின்று நிரூபிக்கச் சட்டம் அவளுக்கு இடம் தரவில்லை. எதிராளியாக நிறுத்தியதும் அதையே நிரூபி என்கிறது.

அமெரிக்காவில் இந்த முரண்பாட்டின் ஒரு பகுதியை நீதிமன்றம் கண்டுகொண்டது. ஹங்கேரியில் பிறந்த ஐம்பத்து மூன்று வயதுக்காரர் ஒருவர், தேசியத்தாலும் வயதாலும் தன்னை வேலையிலிருந்து ஒதுக்கினார்கள் என்று போட்ட சுவியர்கிவிச் வழக்கில், பாகுபாட்டு வழக்குரையிலேயே நிரூபணத்தின் எல்லா அங்கங்களும் இருக்க வேண்டியதில்லை, எதிராளிக்கு விடயம் புரியும் அளவுக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது. ஏழு வருடம் கழித்து இக்பால் வழக்கில் அதே நீதிமன்றம் கதவை ஒருக்களித்து மூடியது. குற்றச்சாட்டு நம்பத்தகுந்ததாகத் தோன்றும் அளவுக்கு நிகழ்வுகள் வேண்டும் என்றது. இந்த ஊசலாட்டத்தில் எனக்குப் பயன்படுவது ஒன்றுதான்: தகவல் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் வழக்குரையின் இறுக்கத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணம். நம் 40ஆம் பிரிவுக்கு அந்தக் கண் இல்லை.

‘எங்கே’ என்ற கேள்வியும் பார்ப்பதற்குத்தான் சின்னது. மானநட்டம் எழுவது சொல் போய்ச் சேர்ந்த இடத்தில். கடிதம் படிக்கப்பட்டது கொழும்புத் தலைமையகத்தில். வழக்கெழு காரணம் அங்கே தோன்றியது என்று எழுதிவிட்டால், வத்தேகமவில் இருக்கும் பெண்ணைக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். வழக்கில் தோற்றாலும் முகாமையாளருக்கு இது வெற்றிதான். கோடிக் கணக்கில் நட்டஈடு கேட்டு வரும் கோரிக்கைக் கடிதமே பலரை மன்னிப்புக் கேட்க வைத்துவிடும். வழக்குரை எழுதும் சிரமமும் மிச்சம்.

மொழிக்கும் சட்டத்தில் ஏற்பாடு உண்டு. அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை கண்டி நீதிமன்றத்திலும் தமிழில் வழக்குரை கொடுக்கலாம் என்கிறது. மொழி புரியாதவருக்கு உரைபெயர்ப்புக் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் அங்கே பதிவேட்டு மொழி சிங்களம். சிங்களத்தில் சொன்ன அவதூறு சிங்களத்திலேயே வழக்குரையில் வர வேண்டும். அவளுக்கு அது தேநீர் கொண்டுபோனவரின் தமிழில் வந்து சேர்ந்தது. கேட்ட சொல்லுக்கும் எழுதிய சொல்லுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில் குறுக்கு விசாரணை செய்யும் சட்டத்தரணி வசதியாக உட்கார்ந்துகொள்வார்.

அவளுடைய சட்டத்தரணிக்கு நான் ஒன்று சொல்வேன். எல்லாவற்றையும் மானநட்டம் என்ற ஒரே தலைப்பில் திணிக்க வேண்டாம். உரோமன் டச்சுச் சட்டத்தின் அந்த வழக்கு நற்பெயரை மட்டும் காப்பதல்ல, ஆளின் சுயமரியாதையையும் காக்கிறது. முகாமையாளர் அவள் முகத்துக்கு நேரே ‘தோட்டக்காட்டாள்’ என்று திட்டியிருந்தால், மூன்றாம் ஆள் கேட்கவில்லை என்பதற்காக அது ஒன்றுமில்லாமல் போகாது. மானநட்டத்துக்கு வெளியீடு வேண்டும், அவமதிப்புக்கு வேண்டியதில்லை. இங்கே சொல்லும் நாளும் இடமும் அவளுக்கே நேராகத் தெரியும். பாகுபாட்டின் சாரம் பெரும்பாலும் இந்த நேர்முக அவமதிப்பில்தான் இருக்கிறது. இருந்தும் வழக்குரைகள் ‘சமூகத்தில் என் மதிப்புக் குறைந்தது’ என்ற பழகிய பந்தியையே தேடிப் போகின்றன.

விதியைத் தளர்த்திவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. ‘ஏதோ இப்படிப்பட்ட பொருளில்’ என்று எழுத இடம் கொடுத்தால் முதலில் அதைப் பயன்படுத்துவது முகாமையாளரின் சட்டத்தரணியாக இருக்கும். வேண்டியது இரண்டு. ஒன்று, தன்னைப் பற்றிய கூட்டக் குறிப்பையும் விசாரணை அறிக்கையையும் வழக்குக்கு முன்பே கேட்டுப் பெறும் உரிமை. எல்கடுவைப் பெருந்தோட்டக் கம்பனி, மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை போன்ற அரச நிறுவனங்களில் வேலை செய்பவர் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். அடுத்த மலையில் தனியார் கம்பனித் தோட்டத்தில் அதே வேலை செய்பவருக்கு அந்த வழி இல்லை. ஒரே மலைத்தொடரில், ஒரே சம்பளப் படியில் இருப்பவர்களை நிருவாகம் யார் கையில் என்பது பிரிக்கிறது.

மற்றது நீதிமன்ற வாசலில் நடக்க வேண்டியது. வழக்கெழு காரணத்தைக் காட்டாத வழக்குரையை ஏற்க மறுக்கவோ திருத்தித் தரும்படி திருப்பவோ குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 46ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2015இல் கொண்டுவந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பொது விடயத்தில் பேசியவரை மடக்கப் போட்ட வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளும்படி எதிராளி கேட்கலாம், தன் வழக்கில் சாரம் உண்டு என்று வழக்காளி காட்ட வேண்டும். நம்மிடம் அப்படியொரு சட்டம் இல்லை. சிறப்புரிமை எதிராளி எழுப்ப வேண்டிய காப்பு, விளக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பதே வழமை. ஆனால் உரிய அதிகாரிக்கு மட்டும் அனுப்பிய புகார்க் கடிதத்தை இணைத்துவிட்டு, சிறப்புரிமையைக் கெடுக்கும் வன்மத்துக்கு ஒரு நிகழ்வைக்கூடச் சொல்லாத வழக்குரை வந்தால், அதைத் திருப்பி அனுப்பி ‘வன்மத்தைக் காட்டும் விபரங்களை எழுதிக்கொண்டு வா’ என்று நீதிபதி கேட்பதற்கு 46ஆம் பிரிவிலேயே இடம் இருப்பதாக நான் நினைக்கிறேன். புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை அது.