கொடைக்கானல் மர்மக்கதையில் வில்லன் யார்?

சிறுவர் சாகசக் கதைன்னா மலை ஏறாம முடியாது. பெ. தூரனின் 'கொல்லிமலைக் குள்ளன்' தலைப்பே அதுக்குச் சாட்சி. இந்த வகைக் கதைகளில் பொதுவா லீவு, நாலு பிள்ளைங்க, ஒரு குகை, கொஞ்சம் மாயம் இருக்கும். கடைசியில் கொள்ளிவாய்ப் பிசாசு கடத்தல்காரனோட டார்ச் லைட்டாகிவிடும். என் குறை ஒன்றுதான்: ஊட்டிக்குப் பதில் ஏற்காட்டை வைத்தாலும் கதை அப்படியே நடக்கும். மலை வெறும் திரைச்சீலை.

பழனி மலையில் இந்த வாய்ப்பாடு செல்லாது. மாயம் அங்கேயே இருக்கு. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும்: 2006, 2018, அடுத்து 2030. 2018-ல் 10 வயதில் பார்த்த பிள்ளைக்கு அடுத்த பூப்பில் 22 வயசு. சிறுவர் கதைக்கு இதைவிட நல்ல கடிகாரம் ஏது?

மர்மமும் இருக்கு. குறிஞ்சி புல்வெளிச் செடி. இந்த மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் போய்விட்டதாக 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. திருடியது யார்? விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் நட்ட சீகை மரம், தைலமரம், பைன், கூடவே விவசாயம். நாம செல்ஃபி எடுக்கும் பைன் காடும் சந்தேகப் பட்டியலில்!

இங்கே முகமூடியைக் கழற்ற ஒரு ஆள் கிடையாது. கெட்டவன் இல்லாத குற்றத்தையும் 10 வயதுப் பிள்ளை துப்பறியும் என்று நம்பி யாராவது எழுத வேண்டும். 2030-க்குள் வந்தால் நல்லது.